பொம்மைக்கும் இடம் விட்ட படகு

அன்புள்ள பாமா மச்சாள்,

இறந்தவர்களோடு பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நேற்று நெடுந்தீவுப் படகில் நடந்ததை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

அண்ணையைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தீர். பிறகு பல்கலைக்கழகத்திலும் பக்கத்துக் கதிரைக்கு வந்தீர். இரவல் அறை ஒன்று, குழந்தைப் பொம்மை ஒன்று. நம்முடைய தாதியியல் துறை அப்படித்தான் தொடங்கியது. இன்று சொந்த மாடிக் கட்டடம். ஆண்பிள்ளைகளும் படிக்கிறார்கள். நம்மிடம் படித்தவர்களே படிப்பிக்கிறார்கள். பொம்மைகள்கூட மூச்சு விடுகின்றன, அழுகின்றன, பார்த்தால் சிரிப்பீர்.

அந்த நாளில், பிறந்த பிள்ளைக்கு மூச்சூட்டும் பாடத்தை, தீவுப் பயிற்சிக்குப் போகும்போது படகிலேயே நடத்த வேண்டும் என்றீர்.

"நிலத்திலை ஒழுங்காச் செய்தால் கடலிலையும் செய்யலாம்தானே?" என்றேன்.

"நெடுந்தீவாருக்கு ஆஸ்பத்திரி வழியில பாதி கடல், மச்சாள்."

நோயாளி ஏறினால் படகின் நடுவில் இருப்பவர்கள் தாமாகவே எழுந்து இடம் விடுவார்கள். துவாயில் சுற்றிய பொம்மையோடு நீர் முதன்முதல் ஏறிய அன்றும் எழுந்தார்கள்.

"பிள்ளைக்கு என்ன வருத்தம், தங்கச்சி?" என்று ஒரு பெண் பதறினார்.

"பொம்மை, அக்கா. இந்த மாணவியளுக்குப் படிப்பிக்க."

படகே சிரித்தது. எட்டிப் பார்த்த மீன்காரர் ஒருவர், "எழும்பினது எழும்பியாச்சு. பொம்மை படுக்கட்டும். நாளைக்கு எங்கட பிள்ளைக்கு உதவும்," என்றார்.

நேற்று, மாணவிகளோடு திரும்பிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்காக யாழ்ப்பாணம் புறப்பட்ட பெண்ணொருத்திக்கு நடுக்கடலிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அழவில்லை. மூச்சும் இல்லை. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. நான் அதை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தேன்.

எழுவைதீவு மாணவி டிலானி, காற்றூட்டும் பையையும் முகமூடியையும் எடுத்தாள். அலை படகைத் தூக்கிப் போட்டது. அவள் முழங்கைகளைப் பலகையில் ஊன்றினாள், நீர் ஊன்றுவது போலவே. படகோடு கையும் ஆடியது. முகமூடி மட்டும் பிள்ளையின் முகத்தை விட்டு விலகவேயில்லை.

இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றி எழுந்து நின்ற சனம்தான் கத்தியது: "அழுகுது! பிள்ளை அழுகுது!"

தாயும் பிள்ளையும் அம்புலன்ஸில் பத்திரமாகப் போனபின் டிலானியைக் கேட்டேன். "முழங்கை ஊண்டுறதை ஆர் சொல்லித் தந்தது?"

"ஆரெண்டு சொல்லுறது, ரீச்சர்? எல்லாரும் இப்பிடித்தானே செய்யிறவை."

அவளுக்கு உம்மைத் தெரியாது. உம்முடைய பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பெயர் கழன்று இத்தனை கைகளுக்குள் போய்விட்ட ஒன்றை என்னவென்று சொல்வது? எதையும் இலேசில் நம்பாதவள் நான். நேற்று டிலானியின் முழங்கைகளில் உம்மைக் கண்டேன் என்றே நம்பினேன்.

புதிய பொம்மைகள் வந்தபிறகு படகுப் பாடம் எதற்கு என்று துறையில் கேட்கிறார்கள். வரும் கூட்டத்தில் யாரும் சொல்லாமலே நான் எழும்பி நிற்பேன், மச்சாள். அந்தப் பாடம் படகை விட்டு இறங்காது.

என்றும் உம்முடைய மச்சாள்,
வசந்தா