நமுசெகே மேட்டில் ஆள் இருக்கிறது

அனுப்புநர்:
லிஷோம்வா கபுகபு,
படகு என்ஜின் மெக்கானிக் (டிப்ளமோ),
நமுசெகே மேடு, சாம்பேசி ஆற்றுச் சமவெளி,
லுவாண்டுவி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆணையர் அவர்கள்,
மாவட்ட ஆணையர் அலுவலகம்,
லுவாண்டுவி.

பொருள்: எங்கள் மேட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஆம்புலன்ஸ் படகை வெள்ளத்துக்கு முன் திருப்பி அனுப்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ‘லுவாண்டுவி மாவட்டம்: நிலம், மக்கள், தொழில்’ என்ற தங்கள் அலுவலகக் கையேடு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கையேட்டில் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வரி: ‘நமுசெகே: மணல்மேடு, குடியிருப்பு இல்லை.’ இது தவறு. இந்த மனுவை நான் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் என் அண்ணி நோசிகு மீன் உலர்த்திக்கொண்டிருக்கிறார்.

2. கையேட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் சென்ற ஆண்டு ஏப்ரலில் வந்தார்கள். ஏப்ரலில் சமவெளி முழுக்கத் தண்ணீர். மாடு கன்றோடு கிழக்குக் கரைக்கு ஏறிவிடுவோம். ஜூலையில் வடிந்ததும் திரும்புவோம். இது இந்த மாவட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வந்தவர்கள் பூட்டிய வீடுகளைப் படம் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனார்கள். அங்கே ஊர்த்தலைவர் எங்களைக் காட்டி, “அவங்க வெள்ளத்துக்கு வந்த விருந்தாளிங்க, எங்க கணக்குல சேக்காதீங்க” என்றார். அவர் சொன்னது சரி. ஆக, மேட்டிலும் நாங்கள் இல்லை, கரையிலும் இல்லை.

3. தொழில் பகுதியில் ‘சமவெளியில் குறிப்பிடத்தக்க தொழில் இல்லை’ என்று இருக்கிறது. தங்கள் அலுவலக உணவகத்தில் போடுகிற கெளுத்தி எங்கள் வலையில் விழுந்தது. களிக்கு ஊற்றுகிற புளித்த பால் எங்கள் மாட்டுடையது. ஜீப் நிற்கிற கொட்டகைக்கு அடைத்த தட்டி எங்கள் நாணல். இந்தப் பகுதியைப் பற்றி மேலும் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

4. ஆள் இல்லாத ஊருக்குப் படகு எதற்கு என்று சென்ற டிசம்பரில் அதை எடுத்துப் போனார்கள். அதன் ஓட்டுநரும் நான்தான், மெக்கானிக்கும் நான்தான். என்ஜினில் ஒரு குறையும் கிடையாது. இப்போது அது தங்கள் அலுவலகத்தின் பின்புறம், பெயருக்குக்கூடத் தண்ணீர் இல்லாத இடத்தில், பழைய டயர்கள் மேல் நிற்கிறது. உள்ளே கோழி அடைகாக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருக்கும். கழுவினால் ஓடும்.

5. பிப்ரவரியில் என் தங்கை மன்யாண்டோவுக்கு வலி கண்டது. கரைக்கு ஏற இன்னும் நாள் இருந்தது. ஆனால் சுற்றிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் படகில் போனால் இறக்கி வைத்த களி ஆறுவதற்குள் மருத்துவமனை. மரத்தோணியில் ஒரு பகல். அண்ணன் முன்னால், நான் பின்னால் துடுப்புப் போட்டோம். நாணல் காட்டின் நடுவில், “அண்ணே, உன் என்ஜின் எங்க? தூங்குதா?” என்று கேலி செய்தாள். அதன் பிறகு பேசவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. தோணியை நாங்கள் திருப்பவில்லை. அந்த மாதத்தில் மேட்டில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறும். ஆகவே கரைக்கே போனோம்.

6. மருத்துவமனையில் பதிவு எழுதுகிறவர் ஊர் கேட்டார். சொன்னேன். “அங்கதான் ஆளே இல்லையேப்பா. கரையில ஏதாவது ஒரு ஊர் பேரு சொல்லு, எழுதிக்கிறேன்” என்றார். சொன்னேன். இப்போது அவள், விருந்தாளியாக மட்டுமே தங்கியிருந்த ஊரில் இறந்தவள். அதைத் திருத்தும்படி நான் கேட்கவில்லை.

7. படகு விஷயமாகத் தங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை வந்தேன். எழுத்தர் திரு. சிபாலோ ஒவ்வொரு முறையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்; அதற்கு நன்றி. “நீங்க தண்ணி மாதிரி ஓடிக்கிட்டே இருந்தா எங்க வச்சுத் தம்பி எண்ணுறது?” என்றார். பிறகு, “வேல போச்சுன்னுதானே இப்படி அலையுற?” என்றார். வேலை போனது உண்மை. ஓட்டுநராக வேறு யாரை வேண்டுமானாலும் போடுங்கள். திரு. சிபாலோவையே போடுங்கள், நான் கற்றுக்கொடுக்கிறேன். கடைசியாக வந்தபோது, “கையேட்ட திருத்தாம படகை அனுப்ப முடியாது. கையேடு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்காதான் திருத்துவாங்க” என்றார்.

8. கையேடு ஐந்து வருடம் கழித்தே திருந்தட்டும். என் அண்ணி நோசிகுவுக்குப் பிரசவம் வருகிற பிப்ரவரியில். டிசம்பருக்குள் படகு மேட்டுக்கு வந்தாக வேண்டும். அனுப்ப லாரி இல்லை என்பார்கள். லாரி வேண்டாம். எங்கள் எருதுகளைப் பூட்டி, சறுக்குவண்டியில் ஏற்றி நாங்களே இழுத்து வருகிறோம். மணலில் இப்போது வழி இருக்கிறது. மழை விழுந்தால் இருக்காது. தாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கோழியை நானே இறக்கிவிடுகிறேன்.

9. படகு வராவிட்டால் அண்ணியை அதே தோணியில்தான் ஏற்றுவோம். அண்ணன் முன்னால் உட்காருவார், நான் பின்னால். பதிவு எழுதுகிறவரிடம் சொல்ல வேண்டிய ஊர்ப் பெயர் எனக்கு இப்போதே தெரியும். அதைச் சொல்லவிடாமல் செய்யும்படி தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: நமுசெகே மேடு
நாள்: அக்டோபர் 9

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
லி. கபுகபு