வாசித்துக் காட்டாத படிவம்

என் பிரியமான நைனாவுக்கு,

இன்றோடு நீ போய் இரண்டு வருஷம். அரசியல் சட்டம் எழுதியவரின் நீலக் கோட்டுப் படத்துக்குப் பக்கத்தில் உன் படம். அம்மா காலையிலேயே இரண்டுக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். உன்னிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நல்ல செய்தி இல்லை.

வாக்காளர் பட்டியலில் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய். அம்மாதான் செத்துப்போய்விட்டாள்.

போன மாதம் புதுப் பட்டியலை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டினார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே போய்ப் பார்த்தாள். ஒரு தேர்தலைக்கூட விடாதவள். நான் பிறந்த வாரத்தில் கைக்குழந்தையோடு வரிசையில் நின்றவள் என்று நீதானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாய்? திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"உங்க நைனா அங்க ஜம்முனு உக்காந்திருக்காருடா. என்னைத்தான் தூக்கிட்டாங்க. செத்தவருக்கு ஓட்டு, சோறு திங்கிறவளுக்கு இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என் நிலைமையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் ஒருவன் கம்ப்யூட்டர் திரையில் வந்து, ஏழு நிமிஷத்தில் என் இருபத்தாறு வருஷத்தை முடித்துவைத்தான். நான் வாங்கிய குடியிருப்பை வாடகைக்கு விட்டுவிட்டு இந்த மர்பி டவுன் வீட்டுக்கே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று காத்திருந்தவனுக்கு அம்மாவின் பெயர் கிடைத்தது.

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் புகார் எழுதினேன். அப்பா இறந்ததும் அவர் பெயரை நீக்கச் சரியான விவரங்களோடு நான் படிவம் கொடுத்தேன். பட்டியல் வேலை பார்க்கும் டீச்சர் வேண்டுமென்றே என் அம்மாவின் பெயரை நீக்கிவிட்டார். இந்தத் தெருவின் தமிழ்க் குடும்பங்களின் பெயர்கள் திட்டமிட்டு நீக்கப்படுகின்றன. இதுதான் சாரம். கடைசி வரிக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. எழுதும்போது நன்றாக இருந்தது, எழுதினேன். மேலதிகாரிக்கு அனுப்பினேன். தெரு வாட்ஸாப் குழுக்களில் எல்லாம் போட்டேன். இந்தக் கன்னட ஊரில் இப்போது மொழிச் சண்டை என்றால் எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று தெரிந்தேதான் போட்டேன்.

முதலில் வந்தது சீனு. தேர்தல் வந்தால் ஏதாவது ஒரு கட்சிக் கொடியோடு நம் தெருவில் ஓடுவானே, அவன்தான். "கௌதம் சார், இங்கிலீஷ்ல கிழிச்சிட்டீங்க! நம்ம ஏரியாவுக்கு இப்படி ஒரு ஆளு இல்லாமத்தான் இருந்துச்சு" என்றான். ஐந்து மாதத்தில் என்னை ஒருவன் பாராட்டியது அன்றுதான். ருசியாக இருந்தது, நைனா. உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

அந்த டீச்சர் யாரென்று உனக்குத் தெரியும். மஞ்சுளா. கன்னடக்காரி, அங்கன்வாடியில் நம் தெருக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அந்த வேலை போதாதென்று வாக்காளர் பட்டியலையும் அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். உன் கடைசி வருஷங்களில் நீ அவளோடுதான் வீடு வீடாகப் போனாய். அவளுக்கு மேலிடத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. பதில் சரியில்லை என்றால் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு.

போன வாரம் இருபது பேர் அங்கன்வாடி முன்னால் நின்று கத்தினோம். நான் முன்வரிசை. அவள் வெளியே வந்தாள், இடுப்பில் யாரோ ஒருவரின் குழந்தை. நம் குழந்தைகளிடம் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டாள்.

"நான் எதுக்கு சார் அம்மா பேரை எடுக்கணும்? நீங்க குடுத்த ஃபாரம்தானே ஆபீஸ்ல குடுத்தேன்?"

"அந்த ஃபாரம் எங்க? காட்டுங்க."

"கேட்டேன் சார். பழைய கட்டு கிடைக்கலன்னு சொல்றாங்க."

"கிடைக்காதும்மா, கிடைக்காது" என்று பின்னாலிருந்து சீனு சொன்னான். கூட்டம் சிரித்தது. மறுநாள் இரண்டு வீட்டுக்காரர்கள் குழந்தைகளை அனுப்பவில்லை.

படிவம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் நீ. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வயதுப் பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து தெருவுக்கே எழுத வேண்டும். ரேஷன் கார்டு, விதவை பென்ஷன், ஓட்டர் லிஸ்ட். ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை பார்த்த உனக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வரும். அதுதான் நான் செய்த குற்றம்.

உனக்கு இரண்டு விதிகள் இருந்தன. எழுதி முடித்ததை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சம்பந்தப்பட்டவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். பேங்கில் வேலை பார்த்த ஒருவர், "எனக்குப் படிக்கத் தெரியும் ஏழுமலை" என்று முறைத்தார். நீ அசையவில்லை. "தெரியும்ணா. கண்ணு தன் பேரைத் தாவிட்டுப் போயிடும். காது போகாது. டேய், படிடா."

நான் படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன். என் கல்லூரி இடம் ஒதுக்கிய அன்று மட்டும் நீ வரவில்லை. யாரோ ஒரு கிழவியின் பென்ஷனுக்காகக் கார்ப்பரேஷன் ஆபீஸில் நின்றாய். என் சான்றிதழ்ப் பை உன் கையில். நீ மூச்சிரைக்க ஓடி வந்தபோது எனக்கு வேண்டிய பிரிவு இன்னொருவனுக்குப் போயிருந்தது. "அடுத்தது நல்லதுதான்டா" என்றாய். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டுமா என்ன?

நீ ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்ட பெயர்களால் என்ன ஆயிற்று நைனா? வார்டு தேர்தல் எத்தனை வருஷமாகத் தள்ளிப்போகிறது பார்த்தாயா? தண்ணீர் லாரியின் பின்னால் ஓடும் தெரு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போனைத் திறந்தால் ஒருநாள் மதம், ஒருநாள் மொழி. யார் ஊர்க்காரன், யார் வந்தேறி என்று மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவனிடம் கேட்கிறார்கள். "ஓட்டுப் போடற அன்னிக்கி நம்ம வரிசையும் பங்களாக்காரன் வரிசையும் ஒண்ணுடா" என்பாய். ஒருநாள்தானே என்று நான் நக்கலடிப்பேன். நீ பேனாவில் மை போட்டுக்கொண்டிருப்பாய்.

உன் காரியத்தன்று யார் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு நின்றேன். நீ எழுதிக்கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. அதுவும் என் மனதில் இருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

விசாரணைக்கு ஆதாரம் தேடி என் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அன்று கொடுத்த படிவத்தைப் படம் எடுத்திருந்தது ஞாபகம். நீ பழக்கிய பழக்கம், கை தானாகவே செய்துவிடும். ஆபீஸில் காணாமல் போனது என்னிடம் இருந்தால் டீச்சரின் கதை முடிந்தது. படம் கிடைத்தது. பெரிதாக்கினேன்.

என் கையெழுத்து. அழகான பெரிய எழுத்துக்கள். நீக்க வேண்டிய பெயர்: சரோஜா. அட்டை எண்ணும் அம்மாவுடையது. காரணம்: இறப்பு. கீழே மகன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த நாள் முழுவதும் திரும்பி வந்தது. நீ போய்ப் பன்னிரண்டாம் நாள். உன் தகரப் பெட்டியில் உங்கள் இரண்டு பேர் அட்டையும் ஒரே ரப்பர் பேண்டுக்குள் இருந்தன. காதில் ஆபீஸ் மீட்டிங். மேலே இருந்த அட்டையைப் பார்த்து எழுதிவிட்டேன். மஞ்சுளா வாசலில் நின்றுகொண்டு, "ஒந்து சல நோடி சார், ஒரு தடவை கார்டோட பாத்துக்கோங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கு ஃபாரம் எழுதத் தெரியும் மேடம். பத்து வயசுலேர்ந்து எழுதறேன்."

படித்தவர், துக்க வீடு என்று நம்பி வாங்கிக்கொண்டு போனாள். நான் வாசித்துக் காட்டவில்லை. ஒரு வரி சத்தமாக வாசித்திருந்தால் சமையல்கட்டில் இருந்த அம்மா அங்கிருந்தே கத்தியிருப்பாள்.

ஆபீஸில் கட்டு இல்லை. இந்த ஒரு படம்தான். அழித்தால் உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. விரல் அழிக்கும் பொத்தான்மேல் போனது. போகவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். யாராவது 'பரவாயில்லை' என்று சொன்னால் தேவலை என்று சீனுவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அய்யோ, அழிச்சுடுங்க சார்."

"அந்த டீச்சர்?"

"வேற டீச்சர் வரும். சார், ஒண்ணு யோசிங்க. உங்கம்மா கேஸ்தான் ஸ்ட்ராங்கு. அது விழுந்தா மத்த மூணு பேரும் விழுந்துடுவாங்க. அது மட்டும் பாவமில்லையா?"

அந்த மூன்று பேர் உண்மை நைனா. ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு விடியும் முன்னே போகிற பெண்கள். விசாரிக்க வந்தபோதெல்லாம் வீடு பூட்டியிருந்ததால் 'இடம் மாறியவர்' என்று எழுதியிருக்கிறார்கள். என் புகார் பொய்யானால் அவர்களுடையதையும் யாரும் கேட்க மாட்டார்கள். சீனு சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டிருப்பேன். ஆனால் அவன் எழுந்து போகும்போது சும்மா இருக்க முடியாமல் இன்னொன்றும் சொன்னான்.

"ஏழுமலையண்ணன் பேரு அதுபாட்டுக்கு இருக்கட்டும் சார். எடுக்காதீங்க. ஒரு நாளைக்கு உதவும்." கண்ணைச் சிமிட்டினான்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நாற்பது வருஷம் நீ நின்ற வரிசையில் எவனோ ஒருவன் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு, உன் கட்டத்துக்கு எதிரே கைநாட்டு வைத்துவிட்டுப் போவான். நான் அதற்குக் காவல் இருக்க வேண்டும். "வெளிய போடா" என்றேன். "சார், நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று செருப்பைத் தேடினான்.

படம் இன்னும் அழியவில்லை. நேற்று முழுக்க எழுதவும் இல்லை. ஒரு பெண்ணின் வேலை, மூன்று பெண்களின் ஓட்டு, என் மானம். மூன்றாவதுதான் கனமாக இருந்தது என்று ஒத்துக்கொள்ளவே ஒரு நாள் போய்விட்டது.

இன்று ஞாயிறு. காலையில் ஒரு பக்க வாக்குமூலம் எழுதினேன். அம்மாவை உன் படத்துக்கு முன்னால் உட்காரவைத்துச் சத்தமாக வாசித்தேன். படிவத்தை எழுதியவன் நான், தவறு என்னுடையது, டீச்சர் சரிபார்க்கச் சொன்னார், நான் மறுத்தேன். தமிழ்க் குடும்பங்களைப் பற்றி நான் எழுதியதற்கு ஆதாரம் இல்லை. மற்ற மூன்று பெயர்கள் வேறு, அவர்கள் இதே தெருவில்தான் இருக்கிறார்கள், அதற்கு நான் சாட்சி.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அப்போ என்னைக் கொன்னது நீதானா?"

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"அந்த டீச்சர் பொண்ணு நைனா காரியத்தப்போ நாலு நாளு சோறு கொண்டாந்தாடா. பின்வாசல்ல குடுத்துட்டுப் போயிடும். நீ பாத்திருக்க மாட்ட. முன்னாடி நின்னு ஆளு எண்ணிக்கிட்டிருந்த."

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"அதுல என்னமோ மீட்டிங்கு, போனுன்னு படிச்சியே, அத எடு. அவளுக்கு எதுக்கு உன் போன் கதை?"

எடுத்துவிட்டேன். மூன்று வரி. நான் மிகவும் பாடுபட்டு எழுதிய வரிகள் அவைதான்.

பிறகு இன்னொரு படிவம். அம்மாவைத் திரும்பச் சேர்ப்பதற்கானது ஏற்கெனவே தயார். இது உன்னை நீக்குவதற்கு. அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். பெயர், ஏழுமலை. உறவு, தந்தை. காரணம் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அம்மா உன் படத்தைப் பார்த்துக்கொண்டே, "படி" என்றாள். இறப்பு என்று படித்தேன்.

"சரியா இருக்கு. போட்றா கையெழுத்து."

போட்டேன்.

வாக்குமூலத்தில் இன்னும் போடவில்லை. நாளை பதினொரு மணிக்கு, மஞ்சுளா டீச்சருக்கு எதிரே நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவள் காதில் விழும்படி வாசித்த பிறகுதான் போடுவேன். அந்தப் புகாரை அனுப்பிய அத்தனை குழுக்களுக்கும் இந்தக் கடிதமும் இப்போதே போகிறது. சீனுதான் முதலில் படிப்பான். திட்டட்டும். அந்த மூன்று பெண்களின் பெயரும் பட்டியலில் ஏறும்வரை படிவத்தோடு நான் அவர்களிடம் போவேன், நைனா. அவர்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில்.

அந்தக் கல்லூரி இடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதை நீ தெரிந்துகொண்டிரு.

உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி, இன்னும் கோபம் தீராத உன் மூத்த மகன்,
கௌதமன்
மர்பி டவுன்