ஒரத்தநாட்டில் எனக்கு இடம் கிடைத்திருந்தது

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் இப்போது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம். போன வாரம் பம்ப்செட் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கூடவே வழக்கம்போல, "கொஞ்சம் மார்க்குல ஒரத்தநாட்டு கால்நடை காலேஜ் சீட்டு போச்சு, இல்லன்னா மாட்டு டாக்டராயிருப்பா" என்றும்.

போகவில்லை அப்பா. அந்த சீட்டு எனக்குக் கிடைத்தது.

ப்ளஸ் டூ முடித்த லீவில் நம் போர் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஒழுகலாக வந்ததே, நினைவிருக்கிறதா? நாற்றங்கால் காய்ந்தது. பூமியில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று புது போர் போட ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள். எனக்குச் சந்தேகம். அன்று காலை மாவு மில்லில் பெல்ட் எதிர்ப்பக்கம் சுற்றியது. அறுந்த கரண்டு லைனை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே மில்காரர் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட, பெல்ட் சரியாகச் சுற்றியது. நமக்கும் அதே லைன்தானே? நம் மோட்டார் மண்ணுக்குள் கிடப்பதால் அது எதிர்ப்பக்கம் சுற்றித் தண்ணீரை ஏற்றாமலிருப்பது வெளியே தெரியவில்லை.

மெயினை அணைத்துவிட்டு நானும் ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். குழாய் நிறையக் கொட்டியது. "என்ன பாப்பா செஞ்ச?" என்றீர்கள். நான் சொன்ன பதிலைப் பாதியில் விட்டுவிட்டு மண்வெட்டியோடு மடை திறக்க ஓடினீர்கள். என் மனசு அந்த ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே நின்றுவிட்டது.

அதற்குள் டீக்கடையில் "எம்பொண்ணு மாட்டு டாக்டரு" என்று நீங்கள் சொல்லியாகிவிட்டது. உங்களோடு மல்லுக்கட்டத் தைரியமில்லை. சீட்டு வந்ததும் "கிடைக்கலப்பா" என்று சொல்லிவிட்டு இன்ஜினியரிங்கில் சேர்ந்தேன்.

கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ அம்மாவிடமும் டீக்கடையிலும், "பரீட்சை நேரத்துல உளுந்து பறிக்கக் கூப்பிட்டேன்ல, அதான் புள்ளைக்கு மார்க்கு போச்சு" என்றீர்கள். அப்புறம் கடைசிவரை என்னை வயலுக்குக் கூப்பிடவே இல்லை.

அத்தனை நாளில் ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? எனக்கே தெரியவில்லை. படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் வருத்தமே இல்லை. செய்யாத தப்பை உங்களைச் சுமக்க விட்டதுதான் வெட்கமாக இருக்கிறது.

நாளை ஊருக்குப் போனதும் முதலில் அம்மாவிடம் சொல்கிறேன். பிறகு டீக்கடைக்கும் நானே போய், எங்கள் அப்பா மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்வேன். அம்மா திட்டினால், உங்கள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.

மார்க்கு குறையாத உங்கள் மகள்,
பாப்பா