மணி அடிக்கட்டும், மைனி

மைனி, நம் வாசல் மணியில் இன்னும் அந்தக் குருவிதான் கத்துகிறது. இந்தச் சனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. அவர் காதிலேயே வாங்குவதில்லை. இன்று காலை பால்காரர் அழுத்தியதும், தொண்டை கட்டின குருவி மாதிரி அது 'கீக் கீக்' என்றது. கையில் காப்பியோடு நான் தனியாக நின்று சிரித்தேன். உடனே உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. ஒரு சேதி சொல்ல வேண்டும். நாம் ஜெயித்துவிட்டோம், மைனி.

என் அண்ணன் மனைவியாக நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது, தெருவில் எல்லாரும் நமக்குள் சண்டை எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். நாமோ ராத்திரிச் சமையலை வேகமாக முடித்துவிட்டு, ஒரே சோபாவில் ஒட்டி உட்கார்ந்து சீரியல் பார்த்தோம். அதில் நாத்தனார்க்காரி பாலில் எதையாவது கலக்குவாள். நீங்கள் உடனே நான் கொடுத்த டம்ளரை மோந்து பார்ப்பீர்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும், "இவதான் எங்க வீட்டு வில்லி" என்று என்னைக் காட்டுவீர்கள். அண்ணன் மீசையை எடுத்துவிட்டு வந்த அன்று, வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்து, சீரியலில் நடிகர் மாறும்போது போடுகிற மாதிரி, "இனி இவருக்குப் பதில் இவர்" என்றீர்களே, அந்த மனுஷன் மறுநாளே மறுபடி வளர்க்க ஆரம்பித்தார்.

சீரியலின் சூத்திரமெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஒருத்தி ரகசியம் பேசினால் கதவுக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்பாள். வில்லி தன் திட்டத்தைத் தானே சத்தமாக நினைப்பாள். அதிர்ச்சி என்றால் அதே முகத்தை மூன்று பக்கத்திலிருந்து காட்டுவார்கள். இதையெல்லாம் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். மன்னிக்காதது ஒன்றே ஒன்றுதான். கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பாள். உதடு துடிக்கும், வயலின் அழும். சரியாக அந்நேரம் வாசல் மணி அடிக்கும், அல்லது யாராவது மயங்கி விழுவார்கள். அவள் வாயை மூடிக்கொள்வாள். தொடரும்.

"ஏளா, ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கதுக்கு இவளுக்கு என்ன கேடு?" என்று டிவியோடு சண்டைக்குப் போவீர்கள்.

அப்படித்தான் 'மணி அடிக்கிறது' என்பது நம் வீட்டுச் சொல்லாகிப்போனது. யாராவது ஒன்றைச் சொல்லவந்து மென்று விழுங்கினால் மணி அடிக்கிறார் என்று அர்த்தம். கல்யாண வீட்டில் மொய் எழுத மறந்ததை அண்ணன் மறைத்துச் சுற்றிச் சுற்றிப் பேசியபோது, "மணி அடிக்காம சொல்லுங்க" என்றீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எந்தக் கோவில் மணி என்று முழித்தார்கள்.

உள்ளூர் வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த எனக்குச் சென்னையில் ஒரு சீரியலுக்கு வசனம் எழுத வாய்ப்பு வந்ததே, என்னைவிட நீங்கள்தான் குதித்தீர்கள். இங்கே இருந்தபடியே எழுதி அனுப்பினேன். சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே ஒவ்வொரு காட்சியையும் கேட்பீர்கள். கதை இதுதான்: காணாமல்போன மூத்த மகன் உயிரோடு இருப்பது மருமகளுக்கு மட்டும் தெரியும். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அவனுக்குக் கொடுத்த வாக்குக்காக, திருட்டுத்தனமாகப் போய் அவனுக்குச் சோறு கொடுத்துவிட்டு வருவாள். வீடே அவள்மேல் சந்தேகப்படும். அவள் சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் நானும் மணி அடித்தேன். சேனலில் அப்படித்தான் கேட்டார்கள்.

"ஏளா, நீயுமா?" என்றீர்கள். "ஒரு நாளாவது அவள முழுசாப் பேச விடு."

அதை எழுத வைக்கத்தானோ என்னவோ, நம் வீட்டிலேயே அந்தக் காட்சி வந்தது.

உங்களுக்குப் புற்றுநோய், முற்றிவிட்டது என்று டாக்டர் அண்ணனிடமும் என்னிடமும்தான் சொன்னார். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சொந்தபந்தம் எல்லாம் கூடி முடிவெடுத்தது. அண்ணன் உங்கள் முகத்தைப் பார்க்கவே பயந்து மாடியில் போய் உட்கார்ந்துகொண்டார். நீங்கள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். எனக்கு உதடு துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வயலின்கூடக் கேட்டது. வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, 'கீக் கீக்.'

நான் பாதி எழுந்துவிட்டேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"அடிக்கட்டும். நீ சொல்லி முடிச்சிட்டுப் போயி திற."

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன். பிறகு போய்க் கதவைத் திறந்தால் சிலிண்டர் போடுகிறவர். இவ்வளவு நேரமா நிப்பாட்டுவீங்க என்று எரிந்து விழுந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிலிண்டரை அடுப்படிவரை தானே உருட்டிவைத்துவிட்டுப் போனார்.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கே முடிந்தது? பேச்சுவார்த்தை இல்லாதிருந்த உங்கள் அக்காவைத் தேடி முக்கூடலுக்கு பஸ் ஏறினீர்கள். ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு மூச்சு சண்டை போட்டு, ஒரு மூச்சு அழுது, சேர்ந்து குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தீர்கள். பயந்து பயந்து தள்ளிப்போட்ட ஸ்கூட்டரை என் பின்னால் உட்காராமல் நீங்களே ஓட்டினீர்கள். அண்ணனை அடுப்படியில் நிறுத்தினீர்கள். "சொதி வைக்கத் தெரியாத ஆம்பளைய விட்டுட்டு நான் எங்கன போக?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டீர்கள். அவர் அழுதுகொண்டே தேங்காய் துருவினார். அந்த மாதங்களில் சிரித்த மாதிரி நம் வீடு அதற்கு முன்னால் சிரித்ததில்லை.

நீங்கள் போன பிறகு அந்தக் காட்சியை எழுதினேன். மருமகள் நடுவீட்டில் நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். மணி அடிக்கிறது. அவள் திரும்பவில்லை. சொல்கிறாள்.

சேனலில் கதைக்குப் பொறுப்பானவர் போனில் வந்தார். "உண்மை வெளிய வந்துட்டா அப்புறம் சொல்றதுக்கு என்ன மேடம் இருக்கு? தொடர் முடிஞ்சிடும்." மணியைப் பழையபடி போடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்றார். அந்த வேலையை நான் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உண்மை தெரிந்த மறுநாள் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா சார் என்று கேட்டேன். படித்துறையைச் சொன்னேன். ஸ்கூட்டரைச் சொன்னேன். அண்ணனையும் தேங்காயையும் சொன்னேன். கடைசியில், "இதெல்லாத்தையும் எழுதுவீங்களா?" என்றார்.

எழுதாமல்?

ஒன்று கூடுதலாகக் கேட்டேன். காட்சியில் அடிக்கிற மணி நம் குருவியாக இருக்க வேண்டும் என்று, செல்போனில் பதிவு செய்து அனுப்பினேன். சிரித்துக்கொண்டே சேர்த்தார்கள்.

ஒளிபரப்பான அன்று நான் நம் சோபாவில் உங்கள் இடத்தை விட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அடுப்படியில். மருமகள் வாயைத் திறந்தாள். 'கீக் கீக்.' அண்ணன் தேங்காய்ப்பால் சொட்டுகிற கையோடு வாசலுக்கு ஓடினார். "இந்நேரத்துல எவன்லே அது?" என்று தாழ்ப்பாளில் கையை வைத்தவர், பின்னாலிருந்து அந்தக் குரலைக் கேட்டார்.

"அடிக்கட்டும். நான் சொல்லி முடிச்சிட்டுப் போயி திறக்கேன்."

அப்படியே நின்றுவிட்டார். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றார். எதிர்வீட்டில் பெண்கள் கை தட்டுகிற சத்தம் தெரு தாண்டி வந்தது. "உங்க மைனி பேசுதா," என்றார் அண்ணன். எனக்குப் பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

தொடர் முடியவில்லை, மைனி. அமோகமாக ஓடுகிறது. மார்க்கெட்டில் கீரை விற்கிற அக்கா, "மணி அடிக்காம வெலையச் சொல்லுங்கன்னு ஒருத்தி கேக்கா," என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டாள். நம் வீட்டுச் சொல் ஊர்ச்சொல் ஆகிவிட்டது. நேற்று அந்தப் பொறுப்பாளர் கூப்பிட்டு, அடுத்த தொடரில் வசனம் மட்டுமல்ல, கதையும் என்னுடையதுதான் என்றார். வில்லியே இல்லாமல், ஒரு நாத்தனாரும் மைனியும் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார்.

இதோ, குருவி மறுபடி கத்துகிறது. தேங்காய் வாங்கப் போன அண்ணன்தான், சாவியை மறந்திருப்பார். கத்தட்டும். உங்களை நினைக்காமல் நான் ஒரு வசனம்கூட எழுதுவதில்லை, மைனி. முகத்துக்கு நேரே ஒரு தடவையும் இதைச் சொன்னதில்லை. இப்போது சொல்லி முடித்துவிட்டேன். போய்த் திறக்கிறேன்.