ப்ரோக் அப் என்றால் லீவு என்று நினைத்தேன்

அன்பு மகள் குட்டிமாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. நாலு நாளாக நீ போனை எடுக்காததால் கடிதமாக எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

போன வருஷம் "ஸ்கூல் ப்ரோக் அப்" என்று செய்தி அனுப்பிவிட்டு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாய். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அப்படித்தான் சொல்வார்கள் என்று டீச்சரான நீதானே எனக்கு விளக்கினாய். அதனால் சனிக்கிழமை காலையில் "வீ ப்ரோக் அப்" என்று நீ அனுப்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ரொம்ப சந்தோஷம், அம்மா இதைப் போன மாசமே எதிர்பார்த்தாள், உன்னைக் கட்டிக்கப்போகும் பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வா" என்று உடனே பதில் போட்டேன். ரிப்பேருக்கு வந்த மிக்ஸிகளைக் கடையில் பிரித்துப்போட்டபடியே விட்டுவிட்டு வந்து உன் அறையில் புது ஃபேன் மாட்டினேன். வரப்போகும் மாப்பிள்ளைக்காக அம்மா மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டித் தட்டித் தும்மிக்கொண்டிருந்தாள்.

நேற்று உன் சித்தி வந்தாள். பெருமையாக செய்தியைக் காட்டினேன். படித்தவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான், இது லீவு இல்ல. அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க" என்றாள். அதெப்படி, அதே வார்த்தைதானே என்று நான் அவளோடு கால்மணி நேரம் வாதாடினேன். "ஸ்கூல் ப்ரோக் அப்னா லீவு. காதலிக்கிற ரெண்டு பேர் ப்ரோக் அப்னா, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றாள். பிறகு என் பதிலையும் வாங்கிப் படித்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மாப்பிள்ளைக்கு விரித்த மெத்தையைச் சுருட்டி வைத்தாள். அப்புறம், "வீடியோல பேசறப்பல்லாம் அந்த ஆள் நம்ம பல்லத்தான் பாத்தான், முகத்த பாக்கவே இல்ல" என்றாள். நேற்றுவரை அவன் தங்கமான பையன்.

அவன் வேண்டாம் என்றானா, நீ சொன்னாயா என்று கேட்கமாட்டோம். அந்த நேரத்தில் என் பதிலைப் படித்து நீ என்ன நினைத்திருப்பாய் என்றுதான் எனக்கு ஆறவே இல்லை. அப்பாவை மன்னித்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு. லீவு விடும்வரை காத்திருக்காதே, டிக்கெட் கிடைத்ததும் கிளம்பி வா. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் நினைவில் வை, இந்த மாதிரிச் செய்தியை இனிமேல் தமிழில் எழுது. எழுதியிருந்தால் அன்றைக்கே நாங்களும் உன்னோடு சேர்ந்து அழுதிருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா