அபூ என்ற ஆறு

உன் விஷயத்தில் போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி முடியாது.

உன் வருடத் திதியில் கொடுத்த நினைவு மலர் மேசைமேல் கிடக்கிறது. அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. முதல் பக்கத்திலேயே தமிழ்ச் சங்கத் தலைவர் எழுதியிருக்கிறார்: ஐரோப்பாவின் ஆதி கெல்டிக் மொழியில் ஆற்றைக் குறித்த சொல் தமிழிலிருந்து போனது என்று நீ நிறுவினாயாம். அடுத்த மாதம் இந்த மலர் ஜொகூர் மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளுக்கெல்லாம் போகிறது. நம் பிள்ளைகள் உன் பெயரில் பொய்யைப் படிக்கப்போகிறார்கள்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மொழியியல் படிக்க அந்த வெளிநாட்டு உபகாரச் சம்பளத்துக்கு இருவரும்தான் விண்ணப்பித்தோம், கிடைத்தது உனக்கு. அது வேறு கணக்கு.

படித்துத் திரும்பியதும் கோத்தா திங்கி ஆற்றங்கரைத் தேநீர்க்கடையில் தே தாரிக் ஆறிப்போக நீ விளக்கியது நினைவிருக்கிறது. கெல்டிக் மொழிகளில், பழைய ஐரிஷில் ஆறு 'ஔவ்', வெல்ஷில் 'அவோன்'. இரண்டுக்கும் தாயான சொல்லை எவரும் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துத் தாயை வரைவதுபோல மொழியறிஞர்கள் 'அபூ' என்று வரைந்தார்கள். வேற்றுமை உருபு ஏறினால் அது 'அபொன்' என்று நீளும். நீண்டதை வெல்ஷ் பிடித்துக்கொண்டது, குட்டையானதை ஐரிஷ்.

"அப்போ நம்ம அப்பு? அதுவும் தண்ணிதானே?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "ஒத்துப்போறது சாட்சி இல்லடா. எல்லாச் சொல்லும் ஒரே விதிப்படி விலகிப்போகுது பாரு, அதுதான் சாட்சி."

பிறகு ஜொகூர் பாருவில் சங்கக் கூட்டம். பொன்னாடையைத் தயாராக மடித்து வைத்திருந்தார்கள். தலைவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு உன்னிடம் குனிந்தார். "தம்பி, அபூன்னா நம்ம அப்புதான்னு மேடைல சொல்லிடுங்க. என்ன லா கொறஞ்சிடும்?"

அப்பு சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்தது, கெல்டிக் சொல்லும் அந்தக் குடும்பத்தின் தூரத்து உறவு என்று நீ பொறுமையாகச் சொன்னாய். அவர் விடவில்லை. நீயே ஒலிவாங்கியை வாங்கி, "எரவல் வாங்கினத நாம கொடுத்ததா சொல்லக்கூடாதுங்க ஐயா," என்றாய். பொன்னாடை மடித்தபடியே உள்ளே போனது. வெள்ளைக்காரனுக்கு விலைபோனவன் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அதன்பின் உனக்கு எந்த மேடையும் இல்லை. பெர்மாஸ் ஜெயாவில் உன் வீட்டிலேயே டியூஷன் எடுத்துக் காலத்தைக் கழித்தாய். நீ மறுக்க வாயில்லாமல் போனதும் மலர் போடுகிறார்கள்.

இன்றும் யாராவது இரண்டு சொற்களை ஒட்டவைத்துக் கைதட்டல் வாங்கினால், நடுவில் என்ன நடந்தது என்று எழுந்து கேட்கிறேன். என்னை யாருக்கும் பிடிப்பதில்லை. இந்தக் கேள்வி நீ விட்டுப்போனது, விடமாட்டேன்.

உனக்கு எழுதிய இதைத் தலைவருக்கும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் அனுப்புகிறேன். கீழே என் பெயரைப் பார்த்தால், "அவனா, அவனுக்கு எப்பவும் வயித்தெரிச்சல்" என்று என்னைப் பேசி முடித்துவிடுவார்கள். யாரென்று ஊகித்தாலும், பெயரில்லாத கடிதத்தில் உன் ஆற்றைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். கையெழுத்திடாமல் இன்றே தபாலில் சேர்க்கிறேன்.