சேர்வையும் கலவையும்

மாதா கோயில் திருநாளுக்கு இன்று காலை வெடி கொளுத்தினார்கள். கந்தகப் புகை மதிலைத் தாண்டி வந்து நம் குசினி முழுவதும் நிறைந்தது. பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். நீங்கள் முதன்முதலாக என் ஆய்வுகூடத்துக்குள் வந்து நின்று இருமிய நாளின் மணம் அது.

விஞ்ஞானத்தையும் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த காலம். இங்கிலிஷில் படித்து வந்த நான் புதுச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பொருட்கள் தம் தம் குணத்தோடு ஒன்றாய்க் கிடந்தால் அது கலவை. இரண்டும் குணம் மாறி ஒரே புதுப் பொருளாகிவிட்டால் அது சேர்வை. கலவையைப் பிரிக்கலாம், சேர்வையை இலேசில் பிரிக்க ஏலாது. சொற்கள் சரிதானா என்று தமிழாசிரியரான உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"இது தலைகீழ், ரீச்சர். அடியார் இறைவனோட இரண்டறக் கலந்தார் எண்டுதானே சொல்லுறம். சேருறது எண்டா, பஸ்ஸில சேர்ந்து போற ஆக்கள் மாதிரி. அடுத்த சந்தியில இறங்கிப் போவினம்."

"கலந்தது பிரியும், மாஸ்டர். வந்து பாருங்கோ."

வந்தீர்கள். இரும்புத்தூளையும் கந்தகத்தையும் கலந்து, காந்தத்தால் இரும்பை மட்டும் இழுத்துக் காட்டினேன். திரும்பக் கலந்து சூடாக்கினேன். குழாய்க்குள் செந்தணல் பரவி அடங்கியபின் கறுப்புக் கட்டி ஒன்று மிஞ்சியது. நீங்கள் காந்தத்தை வாங்கி அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்தீர்கள்.

"இரும்பு எங்க?"

"உள்ளுக்குத்தான் இருக்கு. ஆனா இப்ப அது இரும்பில்லை."

"பாவம்" என்றீர்கள். இரும்புக்காக இரங்கிய ஒரு மனிதரை அன்றுதான் கண்டேன். எனக்கு உங்களைப் பிடித்துப்போனது அதனால்தான் என்று இதுவரை நான் உங்களிடம் சொன்னதில்லை.

நாம் கலியாணம் செய்யப் போவதாகச் சொன்னதும் இரண்டு வீட்டிலும் ஒரே நிபந்தனை. "ஞானஸ்நானம் எடுக்கட்டும், நானே கோயிலில கட்டிவைக்கிறன்" என்றார் பாலையூற்றில் என் அப்பா. "குருசைக் கழட்டிப்போட்டு, பேரையும் மாத்திக்கொண்டு வரட்டும். என்ர மகளா வைச்சிருப்பன்" என்றா வெருகலில் உங்கள் அம்மா. இருவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுப்பது இலகுவாக இருந்திருக்கும்.

துறைமுகத்தைப் பார்த்தபடி கற்சுவரில் உட்கார்ந்திருந்தோம். கப்பலொன்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

"நீர் மாற விரும்புறீரோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லை."

"நானும் இல்லை. அப்ப கலவையாவே இருப்பம்."

"கலவையைப் பிரிக்கலாம் எண்டு காட்டினனான் எல்லே?"

"ஓம், ஆக்கள் காந்தத்தோட வருவினம்தான். வரட்டும். ஏலாது எண்டு சொல்ல இரும்புக்குத் தெரியாது. எங்களுக்கு வாய் இருக்கு."

அரசாங்கக் கச்சேரியில் கலியாணத்தைப் பதிவு செய்தோம். இரண்டு வீட்டாரும் வரவில்லை. நம்மோடு படிப்பித்த இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடியும்வரை நீங்கள் சைக்கிளோடு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பீர்கள். வெருகல் முருகனின் திருவிழாவுக்கு நான் உங்களோடு வருவேன். கழுத்தில் குருசு இருக்கும். உங்கள் அம்மா பல வருடம் என் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டா. ஒரு வருடம் அகப்பையை என் கையில் தந்துவிட்டு, "நீ போடு, எனக்கு முதுகு நோகுது" என்றா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

நமக்குப் பிள்ளை இல்லை என்றானபோது, கலப்புக்குக் கடவுள் தந்த தண்டனை என்று இரண்டு பக்கமும் சொன்னது. நான் அழுதேன். "இந்த ஒரு விசயத்திலயாவது ரெண்டு பகுதியும் ஒத்துப்போச்சினமே" என்றீர்கள். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பேச்சு நின்றுபோன அன்று என் அண்ணன் சின்னப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்தான்.

"நெத்தியில கொஞ்சம் விட்டு நாலு வசனம் சொன்னாப் போதும், அது ஞானஸ்நானம்தான். எங்கட சவக்காலையில அடக்கம் பண்ணலாம். நாளைக்கு நீயும் அவருக்குப் பக்கத்தில படுப்பாய்."

உங்கள் பக்கத்தில் படுக்க எனக்கு ஆசை இல்லையென்றா நினைக்கிறீர்கள்? போத்தல் என் கைக்குள் சூடாகும்வரை வைத்திருந்தேன். உங்கள் கண்கள் மூடியிருந்தன. ஓம் என்றோ ஏலாது என்றோ சொல்ல உங்களுக்கு அப்போது வாய் இல்லை. இருந்தது என் வாய் மட்டும்தான்.

"கொண்டு போ அண்ணா. அவர் அவராவே போகட்டும்."

அண்ணன் பல மாதம் என்னோடு கதைக்கவில்லை.

நீங்கள் போன அன்று உங்கள் தம்பி வந்தார். "மச்சாள், நாங்கள் எல்லாத்தையும் முறையாச் செய்யுறம். நீங்கள் வீட்டில இருங்கோ. பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை."

"வாறேல்லைதான். நான் அவரின்ர மனிசி, வாறன்."

வந்தேன். வழியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று நடந்தேன். உங்கள் தம்பி கொள்ளியைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. கொஞ்சம் விலகி இடம் விட்டார். அவருடைய கையோடு என் கையும் இருந்தது. மற்றக் கையில் செபமாலை. ஐயர் மந்திரம் சொல்ல, நான் என் செபத்தைச் சொன்னேன். இரண்டில் ஒன்றும் மற்றதைக் குழப்பவில்லை.

உங்கள் சாம்பல் வெருகல் ஆற்றோடு கடலுக்குப் போய்விட்டது. என்னைப் பாலையூற்று மண்ணில்தான் வைப்பார்கள். கடைசியில் பிரிந்துதானே போனார்கள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

போன கிழமை பெண்களுக்கு முன்னின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பகுதி முடிந்ததும் என்னையறியாமல் "மறுகா" என்றேன். பிறகு என்பதற்கு உங்கள் ஊரார் சொல்லும் சொல். மூச்சுக்கு மூச்சு நீங்கள் சொல்வதும் நான் திருத்துவதும் எத்தனை காலம் நடந்தது! அது எப்போது என் வாய்க்குள் குடிவந்தது? பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"ரீச்சர், அது வெருகல் கதையெல்லோ!" என்றாள் ஒருத்தி.

"இல்லை பிள்ளை, என்ர கதை" என்றேன்.

மறுகா, அடுத்த மணியைப் பிடித்தேன்.